கக்கத்தில் பிளாஸ்க், கையில் கேமரா

மாண்ட்டிவிடியோ,
ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை

சால்ட்டோவில் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே வீற்றிருக்கும் என் அருமை அக்கா சுல்மாவின் சமூகத்துக்கு, அவளுடைய ஒரே தம்பி வால்டெமார் மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வலது முழங்காலும் நலம். இடது முழங்காலைப் பற்றி அதுவே தனியாக எழுதும். அங்கே உன் உடம்பும், உன் கோழிகளும், பக்கத்து வீட்டுக்காரரோடு நீ விடாமல் நடத்திவரும் வேலித் தகராறும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுமென்று ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. பின்னறைக்கு வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டு, சன்னலுக்குத் திரையும் தைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதோடு விட்டாயா என்றால் இல்லை. "இன்னும் எத்தனை நாளைக்குடா அந்த வீட்ல ஆந்தை மாதிரி முழிச்சிக்கிட்டு உக்காந்திருப்ப? ஒரு நாள் நீ கண்ண மூடிட்டா யாருக்குத் தெரியும்? பூனை இருந்தாலாவது கத்தி ஊரைக் கூட்டும். உனக்குப் பூனைகூட இல்ல" என்றும் எழுதியிருந்தாய். முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது வரவில்லை. அத்தான் போன பிறகு நீயும் அந்தப் பெரிய வீட்டில் கோழிகளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாய், அந்த மெத்தையை எனக்காக மட்டும் வாங்கவில்லை என்று புரிந்தது. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிறேன் அக்கா. மாதக் கடைசியில் வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் ஏறி, நிரந்தரமாகவே வந்துவிடுகிறேன்.

இரண்டு வருஷமாக நீ கூப்பிடக் கூப்பிட உடும்புப் பிடியாக இருந்தவன் திடீரென்று எப்படி இறங்கி வந்தான் என்று நீ யோசிப்பாய். எல்லாவற்றுக்கும் ஒரு கேமராதான் காரணம். அதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும், எனக்கும் ஆறும். இன்று செவ்வாய்க்கிழமை, வகுப்பு நாள். நான் போகவில்லை. அந்த நேரத்தில்தான் அடுப்படி மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பத்திரிகை ஆபீசில் எனக்குப் பிரிவு உபசாரம் நடத்தியபோது ஒரு கேமராப் பெட்டி கொடுத்தார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதோடு வந்த வாழ்த்து அட்டையில் என் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள். நான் அங்கேயே சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். சிரித்தார்கள், ஆனால் சந்தோஷமாகச் சிரிக்கவில்லை. அப்புறம் அந்தப் பெட்டி அலமாரி மேல் ஏறியது, இறங்கவே இல்லை. காலைப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்ப்பவன் வாழ்க்கை உனக்குத் தெரியும். ஊர் தூங்கும்போது நான் குழல்விளக்கின் கீழே பிறர் செய்த பிழைகளைப் பொறுக்குவேன், ஊர் விழிக்கும்போது நான் திரையை இழுத்துவிட்டுப் படுப்பேன். இத்தனை வருஷம் இரவெல்லாம் விழித்திருந்தவன் இந்த நகரத்தின் இரவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றால் யாராவது நம்புவார்களா? ஓய்வு பெற்ற பிறகும் தூக்கம் பழைய நேரத்துக்குத்தான் வந்தது. ராத்திரி முழுக்க மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டுகளை எடுத்துப் பிழை திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிற்றுவலி மருந்துச் சீட்டில் இருக்கிற பிழைகளை மட்டும் நீ பார்த்தால் வயிற்றுவலி வந்துவிடும்.

இந்த நிலைமையில்தான், எங்கள் தெருமுனையில் குண்டு உருட்டி விளையாடும் கிளப்பில், இரவு நேரத்தில் நகரத்தைப் படமெடுக்கச் சொல்லித்தருவதாக ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். அந்த விளம்பரத்திலும் ஒரு பிழை இருந்தது. அதைச் சொல்லிவிட்டு வரலாமென்று உள்ளே போனவனை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஆசிரியை பெயர் நோயெலியா. முப்பது வயதிருக்கும், தலைமுடியில் பாதி பச்சை, மனசு தங்கம். மாணவர்கள் எல்லாரும் என்னைப் போல் பென்ஷன்காரர்கள். அவள் முதல் நாளே எழுந்து நின்று இப்படிச் சொன்னாள்:

"இங்க ஒரே ஒரு விதிதான். யாரும் நல்ல படம் எடுத்துக்கிட்டு வரக் கூடாது. சும்மா நடங்க, வெளிச்சத்தைப் பாருங்க, தோணினா அமுக்குங்க. நல்லா வந்துதா வரலையான்னு பார்த்தீங்க, அன்னைக்கு உங்களுக்கு கேக் கிடையாது."

அக்கா, பிழையே தொழிலாக இருந்தவனிடம் போய்ப் பிழை செய் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? வெளியில் தலையாட்டினேன். உள்ளுக்குள், இந்தப் பெண் என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும், ஒரு பிழையுமில்லாத படம் எடுத்துவந்து காட்டுகிறேன் என்று முடிவு கட்டினேன். ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடுகிற குளிர்காலமா, கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு, நடுநிசி வரைக்கும் காத்திருக்காமல் கிளம்பினேன். கடற்கரைச் சாலையில் விளக்குக் கம்பத்தை எடுத்தேன், தூண்டில்காரர்களை எடுத்தேன், மூடிய ரொட்டிக்கடையின் கண்ணாடியை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்து, வாயைக் குவித்து, வேர்த்துக் கொட்டி எடுத்தேன். வகுப்பில் திரையில் போட்டுப் பார்த்தால் எல்லாப் படமும் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. விளக்குக் கம்பம் குடிகாரனைப் போல் நிற்கிறது. கடல் ஒரு பக்கமாக வழிந்து போகிறது. மேல் மூலையில் என்னவென்று தெரியாத ஒரு வெள்ளை மூட்டம் வேறு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனால் நோயெலியா எழுந்து நின்று கைதட்டினாள்.

"பாருங்க, வால்டெமார் சாரைப் பாருங்க. நல்லா வரணும்ங்கிற கவலை ஒரு துளியாவது இருக்கா? நம்ம எல்லாரையும் விட இவருதான் விடுதலையான மனுஷன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்கு இரண்டு துண்டு கேக் கிடைத்தது. அவமானத்தோடு தின்றேன்.

அடுத்த வாரம் இன்னும் கவனமாக எடுத்தேன். இன்னும் மோசமாக வந்தது. இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அதற்கடுத்த வாரம், ஓடுகிற பஸ்ஸின் வெளிச்சத்தை ஒரு நீளக் கோடாக எடுக்கலாம் என்று நோயெலியா சொல்லித்தந்தாள். பஸ் வரும் தெருவில் அசையாமல் நின்று, கேமராவை நிறைய நேரம் திறந்து வைக்க வேண்டுமாம். அசையாமல் நிற்க வசதியான இடம் எது? பஸ் நிறுத்தம். அங்கே போய்க் கம்பத்தில் சாய்ந்துகொண்டு கேமராவைத் திறந்து வைத்தேன். பஸ் வந்தது, வேகத்தைக் குறைத்தது, சரியாக என் முன்னால் நின்று கதவைத் திறந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ஏறுங்க பெரியவரே, குளிர்ல நிக்காதீங்க" என்றார். எனக்காகவே நிறுத்தியவரிடம் வேண்டாமென்று எப்படிச் சொல்வது? ஏறிவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மறுபடி கேமராவைத் திறந்தேன். அடுத்த பஸ்ஸும் அப்படியே. இப்படி ஒவ்வொரு டிரைவருக்கும் மரியாதை செய்து செய்து, கடைசியில் ஊருக்கு அந்தப்புறம் செர்ரோ குன்றுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். கடைசி டிரைவர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, "எங்க போகணும் உங்களுக்கு?" என்று கேட்டார். "எங்கயும் இல்லப்பா, நான் பஸ்ஸைப் படம் பிடிக்கிறேன்" என்றேன். "உள்ள உக்காந்துக்கிட்டா?" என்றார். அவரே திரும்பிப் போகிற வண்டியில் என்னை ஏற்றிவிட்டார். அந்த வாரப் படங்களில் கதவைத் திறந்தபடி நிற்கும் பஸ்களும், அன்பாகக் குனிந்து பார்க்கும் டிரைவர்களும் மட்டுமே இருந்தார்கள். எல்லாரும் சாய்ந்திருந்தார்கள். வகுப்பில் ஒரு அம்மாவுக்குக் கண் கலங்கியது.

மாத முடிவில் எங்கள் படங்களைக் கிளப்புச் சுவரில் ஒட்டினார்கள். கிளப்புக் காவலாளி ஒரு நாள் முழுக்கத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சுவர்தான் இறங்கிவிட்டது என்று சொல்லிக் கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டார். கொத்தனார் நூல் பிடித்துப் பார்த்தார். சுவர் நேராகத்தான் இருந்தது. அப்போதுதான் முதல் தடவையாக எல்லாரும் கவனித்தோம், என்னுடையது மட்டுமில்லை, வகுப்பில் எல்லார் படமும் கொஞ்சம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது. என்னுடையது அதிகம், அவ்வளவுதான்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் திருமதி நிபியா என்கிற அம்மாள். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைப் போலவே தனியாள். மரத்தைப் படமெடுத்தாலும் "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று மரத்திடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார், பழக்க தோஷம். அவர் என் படத்தைக் கழற்றி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இடது தோள் இறங்கியிருக்கு," என்றார்.

"படத்துலயா?"

"உங்களுக்கு. அந்தப் பக்கம் என்ன சுமக்கறீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"கக்கத்துல?"

"கக்கத்துல பிளாஸ்க். அது எப்பவும் இருக்கறதுதானே."

சொல்லிவிட்டு நானே என்னைக் குனிந்து பார்த்தேன். இடது கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். இடது கையில் மாத்தே இலை போட்டு வெந்நீர் ஊற்றிய குடுக்கை, அதில் ஆவி பறக்கிறது. மிச்சமிருக்கும் வலது கையால்தான் இத்தனை வாரமும் படமெடுத்திருக்கிறேன். அந்த வெள்ளை மூட்டம் மாத்தேயின் ஆவி. நான் நிமிர்ந்து பார்த்தபோது வகுப்பில் எல்லாரும் அவரவர் கக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் கக்கத்திலும் பிளாஸ்க். நோயெலியா கக்கத்திலும் பிளாஸ்க். சொல்லிக்கொடுக்கிறவள் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் இந்த நாட்டில் வெந்நீர் பிளாஸ்க் இல்லாமல் தெருவில் நடக்கிறவனைப் பார்த்தால்தான் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்போம். தன் மூக்கை யார் கவனிக்கிறார்கள்?

"கீழ வெச்சுட்டு ரெண்டு கையால எடுங்க," என்றார் திருமதி நிபியா. எல்லாரும் அப்படியே செய்தார்கள். எல்லார் படமும் நிமிர்ந்துவிட்டது. என்னால்தான் முடியவில்லை. கீழே வைத்தால் இடது பக்கம் காற்றடிப்பது போல் இருக்கிறது. கட்டியவள் ஓல்கா என்னை விட்டுவிட்டு, அந்தப் பியானோ வியாபாரியோடு ஆற்றுக்கு அக்கரை போன நாளிலிருந்து இந்த மாத்தேயை நான் ஒருவனாகத்தான் ஊற்றி, நான் ஒருவனாகத்தான் குடித்துவந்திருக்கிறேன். ஊரெல்லாம் ஒரு குடுக்கையைக் கைமாற்றிக் கைமாற்றிக் குடிக்கும்போது, எனக்கு மட்டும் ஒற்றை ஆள் கணக்கு. அது என் பிளாஸ்க். அது என்னிடம்தான் இருக்க வேண்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் புரிந்துகொண்டாரோ என்னவோ, அடுத்த வகுப்பில், "சரி, கீழ வைக்க வேண்டாம். என்கிட்ட குடுங்க, நான் பிடிச்சுக்கறேன், நீங்க எடுங்க" என்றார். நான் "பழக்கமில்லைங்க" என்றேன். அவர் சிரித்தார். "எனக்கும் பழக்கமில்லைதான். வேலைல இருந்தவரைக்கும் ஆளுங்ககிட்டேருந்து சங்கிலி, தோடு, பல்செட்டு எல்லாம் வாங்கி வெச்சிருக்கேன். பிளாஸ்க்கை மட்டும் எவனும் குடுக்க மாட்டான்."

இனிமேல்தான் அக்கா, விபரீதம். போன ஞாயிற்றுக்கிழமை தெருவில் மேள ஊர்வலம் பார்க்கப் போவோம் என்று நோயெலியா எல்லாரையும் பாலெர்மோ பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மேளக்காரர்கள் அட்டைப் பெட்டியும் பழைய பேப்பரும் போட்டுத் தெரு ஓரத்தில் தீ மூட்டியிருந்தார்கள். தீயைச் சுற்றி மேளங்களைச் சாய்த்து வைத்துத் தோலைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். தோல் விறைத்தால்தான் சத்தம் எழும், மேளம் புறப்படும். தீ வெளிச்சம் ஒவ்வொரு முகத்திலும் ஏறி இறங்குகிறது, குழந்தைகள் ஓடுகிறார்கள், ஒரு கிழவி சன்னலில் நின்று தலை வாருகிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. நல்ல படம், ஒரே ஒரு நல்ல படம், பிழையில்லாத ஒன்று, அதை எடுத்தே தீர வேண்டும் என்று தோன்றியது. நோயெலியாவின் விதியும் போயிற்று, கேக்கும் போயிற்று. தீக்குப் பக்கத்தில் போய் முட்டி மடக்கி உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து திருமதி நிபியா, "பிளாஸ்க்கைக் குடுங்க வால்டெமார்" என்றார்.

"இது விழாதுங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவை விழுந்ததில்ல."

சொல்லிவிட்டு, படம் நேராக வரட்டுமே என்று குடுக்கையைத் தரையில் வைத்து, இடது கையையும் கேமராவுக்குத் தூக்கினேன். கையைத் தூக்கினால் கக்கம் திறக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை. பிளாஸ்க் நழுவியது, மூடி தெறித்தது, ஒரு லிட்டர் வெந்நீர் ஒரு சொட்டு வீணாகாமல் நேராகத் தீயில் போய் விழுந்தது. 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் புகை. என் வாழ்நாளில் அவ்வளவு பேர் ஒன்றாக என்னைப் பார்த்ததில்லை.

தலைமை மேளக்காரர் பெயர் வாஷிங்டன். பயப்படாதே, நம்மூரில் தெருவுக்கு ஒரு வாஷிங்டன் இருக்கிறான். அவர் மெதுவாக எழுந்து வந்து, புகையை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, மழை வந்தா என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும். போலீஸ் வந்தா என்ன செய்யணும்னும் தெரியும். வெந்நி வரும்னு எங்க அப்பன் பாட்டன் யாரும் சொல்லித் தரலையே."

தெரு முழுக்கச் சிரித்தது. சன்னலில் தலை வாரிக்கொண்டிருந்த கிழவியும் சிரித்தாள். தோல் தளர்ந்துபோய் மேளம் புறப்படத் தாமதமாகிவிட்டது. திருமதி நிபியா பெட்டிக்கடையில் போய் அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், புதுத் தீ மூட்டுவதற்கு. நான் நிற்கவில்லை. முழங்கால் இருக்கிறதென்பதையே மறந்து ஓடினேன். ஓடிவந்த வேகத்தில் பிளாஸ்க்கையும் குடுக்கையையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

இப்போது கேமரா பெட்டிக்குள் போய்விட்டது, பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது. யார் முகத்திலும் விழிக்க எனக்குத் தெம்பில்லை. நல்ல படம் எடுக்காதே என்று ஒரே ஒரு விதி சொன்னார்கள், அதைக்கூட எனக்குக் கடைப்பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு நாளாக மாத்தே குடிக்காமல் தலை இடிக்கிறது. நீ சொன்னதுதான் சரி. இந்த ஊருக்கு நான் வேண்டியவனில்லை, ராத்திரிக்கும் வேண்டியவனில்லை. உன்னோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டு, கோழிகளை எட்டு மணிக்கு அடைத்துவிட்டு, நானும் அடைந்துவிடுகிறேன்.

வேலித் தகராறில் விட்டுக்கொடுக்காதே. குளிரில் வெறுங்காலோடு முற்றத்தில் நடக்காதே. அத்தானின் படத்துக்கு என் சார்பாக ஒரு பூ வை. கோழிகள் முதல் கொய்யா மரம் வரை எல்லாருக்கும் என் விசாரிப்புகளைச் சொல். உன் பிரார்த்தனையில் என் பெயரைப் பிழையில்லாமல் சொல்.

என்றும் உன் அன்புத் தம்பி,
வால்டெமார்

பின்குறிப்பு. ஆகஸ்ட் 28, திங்கள். மேலே எழுதியதெல்லாம் இன்னும் தபாலில் சேரவில்லை. அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்கவே மனமில்லை, வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், தபாலாபீஸ் திறக்கவில்லை. சனிக்கிழமை மழை கொட்டியது. நம்மூரில் மழை பெய்தால் டோர்ட்டா பொரிக்காத வீடு ஏது, நானும் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கதவு தட்டினார்கள். திறந்தால் நிபியா, தலையிலிருந்து சொட்டச் சொட்ட. அவள் கக்கத்தில் என் பிளாஸ்க், கையில் என் குடுக்கை.

"வாங்கிக்குங்க. ஒரு வாரமா என் வீட்ல இருக்கு. ஒரு பக்கம் நசுங்கிப் போச்சு, ஆனா சூடு நிக்குது. நிக்குதான்னு தினமும் ஊத்திப் பார்த்தேன்."

"தினமுமா?"

"சும்மாதான். செவ்வாய்க்கிழமை ஏன் வரலை?"

"நான் ஊரை விட்டுப் போறேங்க. அக்கா வீட்டுக்கு."

அவள் பிளாஸ்க்கை என்னிடம் நீட்டினாள். நான் கை நீட்டினேன். எனக்குக் கையெல்லாம் மாவு அக்கா, வாங்க முடியவில்லை. "உள்ள வந்து நீங்களே ஊத்துங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்ல நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. அவள் உட்கார்ந்து ஊற்றினாள். அவள் ஒரு குடுக்கை குடித்தாள், எனக்கு ஒன்று கொடுத்தாள், மறுபடி அவள், மறுபடி நான். பொரித்த டோர்ட்டாவில் பாதி கருகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் கருகியதையும் தின்றோம். தண்ணீர் கொஞ்சம் அதிகச் சூடு, நாக்கு பொத்துப்போனது, நான் திருத்தவில்லை.

கிளம்பும்போது, "மேளக்காரங்க உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள்.

"அடிக்கவா?"

"வெந்நிக்காரர் எங்கன்னு கேக்கறாங்க. நாளைக்கு வாங்க."

நேற்றுப் போனேன். வாஷிங்டன் என்னைக் கண்டதும் தெரு அதிர, "பசங்களா, தண்ணி வந்தாச்சு, தீயைக் காப்பாத்துங்கடா" என்று கூவினார். சிறுசுகள் எல்லாம் ஓடிவந்து தீயைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். இன்னொருவர் எனக்கு நாற்காலி போட்டார், தீயிலிருந்து நல்ல தூரத்தில். நிபியா பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். நான் பிளாஸ்க்கைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டேன் அக்கா. என் இரண்டு கையும் சும்மா இருந்தன, அவற்றை என்ன செய்வதென்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்புறம் கேமராவைத் தூக்கி அமுக்கினேன். படம் நேராக வந்தது. அதில் ஒரு மேளக்காரரின் முழங்கையும், நிறையப் புகையும், யாருடையதோ பாதித் தொப்பியும் இருக்கின்றன. தீ இல்லை, முகம் இல்லை. உருப்படாத படம். அதில் எத்தனை பிழை என்று நான் எண்ணவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மேளம் புறப்பட்டது, நாங்கள் பின்னாலேயே நடந்தோம், நான் சந்தோஷமாக இருந்தேன். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அக்கா, நான் வரவில்லை. அதாவது நிரந்தரமாக வரவில்லை. நீ வெள்ளையடித்ததையும், திரை தைத்ததையும், அந்த மெத்தையை நீயே இழுத்துப் போட்டிருப்பாய் என்பதையும் நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொள்கிறேன். கோபித்துக்கொள், ஆனால் ஒரு நாளைக்கு மேல் வேண்டாம். செப்டம்பர் கடைசியில் பத்து நாள் உன்னோடு வந்து இருக்கிறேன், அதன் பிறகு நீ கோழிகளை வேலிக்காரரிடமே ஒப்படைத்துவிட்டு என்னோடு இங்கே வந்து பத்து நாள் இரு. அவர் அந்தச் சாக்கிலாவது சமாதானமாகட்டும். செப்டம்பரில் நான் தனியாக வரப்போவதில்லை. இதற்கு மேல் எதுவும் கேட்காதே. கேட்பாய், எனக்குத் தெரியும். என்னிடம் கேள், அவளிடம் கேட்காதே.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். நடுவில் அசட்டுச் சிரிப்போடு நிற்பது நான்தான். எடுத்தது நிபியா. "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லித்தான் எடுத்தாள், நான் பிடிக்கவில்லை. படம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அவள் கக்கத்தில் என் பிளாஸ்க் இருந்தது. நீ வெள்ளையடித்த அறையில் இதை மாட்டு அக்கா. மாட்டும்போது நேராக்கிவிடாதே.